மேரிக்கு ஓர் எழுத்து குறைவு

1

கண்காட்சி மண்டபத்தின் பின்வாசல் வழியாக வெளியே வந்து, லாரிகள் நிற்கும் இடத்தைத் தாண்டி, ஆற்றங்கரை நடைபாதையில் பாதித் தூரம் போன பிறகுதான் காதில் பென்சில் இருப்பது தெரிந்தது. கழுத்து அட்டையை வாங்கிக்கொண்டார்கள். கையுறைகளையும் வாங்கிக்கொண்டார்கள். பென்சிலை யாரும் கேட்கவில்லை.

மதியம் ஒரு மணி இருக்கும். எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்யாமல்தான் நடந்தேன். இது எனக்குப் பழக்கம். பதினான்கு வயதில் புதுச்சேரியில் பள்ளிக்கூடத்தை விட்டு இப்படித்தான் நடந்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனி, பம்பாயில் துறைமுகம், அதற்குப் பிறகு வளைகுடாவில் ஒரு கப்பல் பட்டறை, எல்லாவற்றையும் விட்டு நடந்திருக்கிறேன். வேலை போவது புதிதல்ல. சண்டையில் போயிருக்கிறது, காய்ச்சலில் போயிருக்கிறது, முதலாளி கடையை மூடிவிட்டுப் போனதால் போயிருக்கிறது. எழுதியதற்காகப் போனது இதுதான் முதல் தடவை. எழுதியதும் ஒரே ஓர் எழுத்து.

நான் பாரிசில் ஓவியங்களோடு வேலை செய்கிறேன் என்று ஊரில் கேள்விப்பட்டவர்கள் என்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2

நான் இங்கே வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. வந்த வழி நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழிதான். பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள குடும்பத்துப் பெண்ணைக் கட்டினேன். என் பெயர் ஏழுமலை. இங்கே அந்தப் பெயரை யாரும் கூப்பிட்டதில்லை. படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயரை எழுதினேன். அன்றிலிருந்து என்னை எல்லோரும் முருகேசன் என்றே கூப்பிடுகிறார்கள். அப்பா மில்லில் தறி ஓட்டிய காலத்தில்கூட அவர் பெயரை இத்தனை பேர் இத்தனை தடவை சொல்லியிருக்க மாட்டார்கள்.

என் மனைவி உஷா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். ஒரே மகள். நான் செல்வி என்று வைக்கச் சொன்னேன். பள்ளியில் பிள்ளை கஷ்டப்படும் என்று உஷா சில்வி என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். சில்வி இப்போது வேறு ஊரில் சட்டம் படிக்கிறாள். போனில் நான் செல்வி என்றுதான் கூப்பிடுவேன். அவள் அதைத் திருத்துவதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. திருத்திக்கொண்டிருந்த காலம் கொஞ்சம் நன்றாக இருந்தது.

பாத்திரம் கழுவினேன், சந்தையில் மூட்டை இறக்கினேன், வீடு மாற்றுகிறவர்களுக்கு சாமான் தூக்கினேன். ஒரு தடவை ஒரு வீட்டில் பெரிய கண்ணாடிச் சட்டத்தை நான்கு மாடி இறக்கினேன். ஒரு கீறல் விழவில்லை. அதைப் பார்த்த ஒருவர் என்னை ஓவியம் தூக்கும் கம்பெனியில் சேர்த்துவிட்டார். கண்காட்சிகளில் பெட்டி பிரிப்பது, படத்தை மாட்டுவது, மட்டம் பார்ப்பது, முடிந்ததும் இறக்கிப் பெட்டியில் அடைப்பது. மேஸ்திரி பூபா, மாலி நாட்டுக்காரர். அமைதியான மனிதர். புதிதாக வருகிற எல்லோரிடமும் அவர் சொல்வது ஒன்றுதான்: நாம் மாட்டுகிறவர்கள், கருத்து சொல்கிறவர்கள் இல்லை. ஆறு வருஷம் நான் அப்படித்தான் இருந்தேன்.

3

படம் பார்க்க வருகிறவர்கள் முகத்தைப் பார்க்கிறார்கள். மாட்டுகிறவன் முதலில் முதுகைப் பார்க்கிறான். சட்டம் எங்கே பலமாக இருக்கிறது, கொக்கி எங்கே, மேல்பக்கம் எது, எல்லாம் முதுகில்தான் இருக்கும்.

இந்த வருஷக் கண்காட்சியில் எங்களுக்கு ஒதுக்கப்பட்ட கடைகளில் ஒன்று டெல்லியிலிருந்து வந்த ஓர் ஓவியக்கூடம். அதை நடத்துகிறவர் நந்திதா என்ற பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். உலகத்திலிருந்து எத்தனையோ ஓவியக்கூடங்கள் வருகிற இடத்தில் அவர் ஒரே ஓவியரை மட்டும் கொண்டுவந்திருந்தார். ஐந்து படங்கள். நான்கு சிறியவை. ஐந்தாவதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் அந்தப் பெரிய பெட்டியைப் பிரித்தோம். சட்டத்தின் பின்மரத்தில் பால்பாயிண்ட் பேனாவால் தமிழில் எழுதியிருந்தது:

மேரி – மழைக்கு மறுநாள். சுகந்தி, தவளக்குப்பம்.

அதற்குக் கீழே ஒரு கைபேசி எண். பெட்டி தொலைந்தால் கூப்பிடுவதற்காக எழுதியிருப்பாள்.

தவளக்குப்பம் புதுச்சேரிக்குப் பக்கத்தில்தான். நான் நின்றுவிட்டேன். மறுமுனையைப் பிடித்திருந்த பூபா என்ன என்று கேட்டார். என் ஊர் என்றேன். சரி, தூக்கு என்றார்.

மாட்டிவிட்டு முன்பக்கம் வந்து பார்த்தேன். பழைய சுண்ணாம்பின் மஞ்சள், வெள்ளை, ஈரச் சாம்பல். நடுவில் எங்கும் போகாத நாலு படி. தூண்போல ஒன்று சாய்ந்து கிடந்தது. எல்லாவற்றின் மேலும் கணக்கு நோட்டில் இருப்பதுபோல் மெல்லிய கோடுகள், கோடுகளில் பொடிப்பொடியாகப் பெயர்கள், எழுதிச் சுரண்டிய பெயர்கள். மற்றவர்களுக்கு அது வெறும் நிறமாக இருந்திருக்கும். எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அது நம் ஊர்க் கடற்கரைச் சாலையில் இருந்த மேரிக் கட்டடம்.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டும். மேரி என்பது பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன வார்த்தை. நகராட்சி மன்றம் என்று அர்த்தம்; பிறப்பும் கல்யாணமும் அங்கேதான் பதிவாகும். புதுச்சேரியில் அதை யாரும் மொழிபெயர்த்துக்கொள்ளவில்லை. மேரிக்குப் போறேன், மேரியில எழுதிட்டாங்க, மேரிக் கல்யாணம் – இப்படித்தான் பேச்சு. குருசுக்குப்பத்தில் எங்கள் வீட்டிலிருந்து கடலோரமாகவே நடந்தால் அங்கே போய்விடலாம். பத்து வயதுவரை நான் அதை மாதா பெயரில் கட்டிய கட்டடம் என்றே நினைத்திருந்தேன். உள்ளே சிலை எங்கே என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். என் கல்யாணக் காகிதத்துக்கும் அந்தப் படிகளில்தான் ஏறி இறங்கினேன். பிறகு ஒரு மழையில் அது விழுந்துவிட்டது. அப்போது நான் இங்கே ஒரு சமையலறையில் இருந்தேன். போனில் படம் வந்தது. இப்போது அதே இடத்தில் அதே மாதிரி புதிதாகக் கட்டிவிட்டார்கள் என்கிறார்கள். நான் பார்க்கவில்லை.

4

மறுநாள் படங்களுக்குப் பக்கத்தில் சின்ன அட்டைகளும், சுவரில் நீளமாக ஒரு குறிப்பும் ஒட்டினார்கள். எனக்குப் பிரெஞ்சு பேச்சு ஓரளவு வரும், படிப்பு வராது. ஆனால் மேரி என்ற வார்த்தையின் எழுத்துகளை மட்டும் தூக்கத்தில்கூடச் சொல்வேன். பாரிஸ் மெட்ரோவில் சில வண்டிகளின் கடைசி நிறுத்தத்தின் பெயர் அந்த வார்த்தையில்தான் தொடங்கும். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் தலைக்கு மேலே பலகையில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எம், ஏ, அப்புறம் ஒரு ஐ, அப்புறம் ஆர், மறுபடி ஒரு ஐ, கடைசியில் ஈ.

அட்டையில் அந்த முதல் ஐ இல்லை.

போட்டோ எடுத்து சில்விக்கு அனுப்பினேன். அவள் உடனே கூப்பிட்டாள்.

"பப்பா, இது மரி. பேரு. லேடி பேரு. மேரின்னா இன்னொரு ஐ வேணும்."

"பக்கத்துல நீளமா எழுதியிருக்கே, அது என்ன?"

அவள் படித்துப் பார்த்து, தெரிந்த தமிழில் தடவித் தடவிச் சொன்னாள். ஓவியர் தன்னுடைய செத்துப்போன அம்மா மரியை ஞாபகப்படுத்துகிறாராம். நாமெல்லாம் பிறந்த அந்த உடம்பு இப்போது இல்லையாம். மஞ்சள் நிறம் அம்மாவின் தோலாம்.

அது கட்டடம் என்று நான் சொன்னேன். சில்வி அந்தக் குறிப்பை மறுபடி படித்துப் பார்த்தாள். பிறகு, "நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க பப்பா. உங்க வேலை இல்ல அது" என்றாள். பூபா சொல்வதைத்தான் அவளும் சொன்னாள். ஆனால் அவள் சட்டம் படிக்கிறவள், அதனால் இரண்டு தடவை சொன்னாள்.

இருந்தாலும் மாலையில் நந்திதாவிடம் போனேன். எனக்கு ஆங்கிலம் போதாது. பம்பாயில் கற்ற இந்தி இருக்கிறது. அந்த இந்தியே அன்று எனக்கு எதிரியாகிவிட்டது. இந்தியில் மேரி என்றால் என்னுடையது என்று அர்த்தம். நான் படத்தைக் காட்டி மேரி, மேரி என்று சொல்லச் சொல்ல, அவர் உன்னுடையது என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என் பையோ எதுவோ காணவில்லை என்று நினைத்துவிட்டார்.

கடைசியில் புரிந்தபோது ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். போனில் ஒரு பழைய செய்தியைத் தேடி எடுத்துக் காட்டினார். தலைப்பின் அர்த்தம் என்ன என்று அவர் சில மாதங்களுக்கு முன் கேட்டதற்கு சுகந்தி ஆங்கிலத்தில் பதில் போட்டிருந்தாள்: மேரி என்பது நாங்கள் எல்லோரும் பிறந்த இடம், இப்போது அது இல்லை. அந்த மேரியைத் தன் கணினியில் ஒருவர் மரி ஆக்கியிருக்கிறார். இன்னொருவர் அதை அம்மா ஆக்கியிருக்கிறார். மற்றொருவர் அம்மாவைச் சாகடித்திருக்கிறார். யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் உதவி செய்திருக்கிறார்கள்.

நந்திதா கெட்டவர் இல்லை. நிதானமாகவே சொன்னார். சுகந்தியை இங்கே யாருக்கும் தெரியாது, அவளுக்காக இத்தனை தூரம் வந்திருக்கிறேன், நாளை ஒரு வயதான அம்மா வருகிறார், கண்காட்சிப் புத்தகத்தில் படித்துவிட்டு இந்தப் படத்துக்காகவே வருகிறார். அவர் வாங்கினால் நான்கு பேர் சுகந்தியைத் திரும்பிப் பார்ப்பார்கள். எழுத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் படம் விற்றால் அந்தப் பெயரில்தான் சான்றிதழ் போகும். அப்புறம் என்று ஒன்று இல்லை.

5

திறப்பு நாள் காலை, கூட்டம் வருவதற்கு முன்னால், லாரி இறக்கும் மேடையில் நின்று படத்தின் முதுகில் பார்த்துக் குறித்து வைத்திருந்த எண்ணைக் கூப்பிட்டேன். ஊரில் அப்போது மதியம் தாண்டியிருந்தது. எடுத்தவளின் குரலுக்குப் பின்னால் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

நான் யார், எங்கிருந்து பேசுகிறேன் என்று சொன்னேன். குருசுக்குப்பம் என்றதும் குரல் இளகியது. இங்கே வருவதற்கு அவளுக்கு விசா தேதியே கண்காட்சி முடிந்த பிறகுதான் கிடைத்ததாம். படம் நேராகத்தான் மாட்டியிருக்கிறதா என்று முதலில் கேட்டாள். நானே மட்டம் பார்த்தேன் என்றேன். பிறகு அட்டையைப் பற்றிச் சொன்னேன். அம்மாவைப் பற்றி எழுதியிருந்ததையும் சொன்னேன்.

கிரைண்டர் நின்றது. அவள் யாரிடமோ சொல்வது கேட்டது. அப்புறம் வேறொரு குரல் போனுக்கு வந்தது.

"தம்பி, நான் செத்துட்டேனாமே. எப்போ?"

"தெரியலம்மா. புத்தகத்துலயே போட்டுட்டாங்க."

"நல்லாதான எழுதியிருக்காங்க?"

"நல்லாதான் எழுதியிருக்காங்க."

"அதுவரிக்கும் சரி. பேரு இன்னா மேரியா? என் பேரு தனலட்சுமி. சாவறதுக்கு முன்னாடி மதம் வேற மாத்திட்டாங்களா?"

நான் சிரித்துவிட்டேன். அந்தம்மா சிரிக்கவில்லை. போன் சுகந்தியிடம் திரும்பி வந்தது. அவள் குரலும் மாறியிருந்தது.

அவள் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவளுடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர். எங்கேயோ ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடும்போது தன் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார். அவரே விட்டது, அவ்வளவுதான் அவருக்கு எழுத வரும். பிறப்புப் பதிவில் ஒரு பெயர், பட்டாளக் காகிதத்தில் ஓர் எழுத்து குறைந்த பெயர். இரண்டும் ஒரே ஆள் என்று நிரூபிக்க அவள் அப்பா வருஷக்கணக்கில் தவளக்குப்பத்திலிருந்து பஸ் ஏறி மேரிக்கு அலைந்தார். நேஷனாலிட்டி கிடைத்திருந்தால் பிள்ளைகள் என்ன ஆகியிருப்பார்களோ, அது வேறு. கடைசிவரை அவருக்கு அந்த எழுத்துதான் வேண்டியிருந்தது. கட்டடம் விழுந்ததற்கு மறுநாள் மகளையும் கூட்டிக்கொண்டு போய், காகிதங்கள் இருந்த பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குடையை விரிக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாராம். பதிவேடெல்லாம் வேறு இடத்தில் இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை என்று யாரோ சொன்னார்களாம். சரி என்று சொல்லிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவர் போகவே இல்லை. இறந்து மூன்று வருஷம் ஆகிறது.

"அதைத்தாண்ணா வரைஞ்சேன். எங்கப்பா நின்னதை."

எழுத்தைப் போட்டால் படம் விற்காமல் போகலாம் என்று அவளிடம் மறைக்காமல் சொன்னேன். படம் வாங்க வரப்போகிற வயதான அம்மாவைப் பற்றியும் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"வித்தா எனக்கும் நல்லதுதாண்ணா. பொய் சொல்லல. இங்க எட்டு ஸ்கூல் வேலைக்கு அப்ளிகேஷன் போட்டு வச்சிருக்கேன். ஆனா எங்கம்மாவ சாவடிச்சி வித்துட்டு வந்து, எங்கம்மா ஆட்டுன மாவுல தோசை துன்ன முடியுமா? அந்த ஒரு எழுத்து போடச் சொல்லுங்கண்ணா. விக்காட்டி திரும்பி வரட்டும்."

நந்திதாவை அவளே கூப்பிட்டுச் சொல்வதாகச் சொன்னாள். ஒரு மணி நேரம் கழித்து எனக்குச் செய்தி வந்தது. நாலு தடவ போட்டேன், எடுக்கல. நீங்க இருக்கீங்க இல்ல.

6

நந்திதாவால் எடுக்க முடிந்திருக்காது. அவ்வளவு கூட்டம். நான் அவரருகே போய் சுகந்தி கூப்பிடுகிறாள் என்று சொன்னேன். பிறகு என்று கையைக் காட்டினார். அப்போது அந்த வயதான அம்மா வந்துவிட்டிருந்தார். சாம்பல் கோட்டு, கைத்தடி. சுவரில் எழுதியிருந்ததை முழுக்கப் படித்தார். பிறகு படத்தின் முன்னால் போய் நின்றார். வெகுநேரம் நின்றார். பின்னால் திரும்பியபோது கண் ஈரமாக இருந்தது.

திரும்பியவர் கண்ணில் முதலில் பட்டது நான். விளக்கைச் சரிசெய்ய ஏணியோடு நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் அந்த ஊரா என்று பிரெஞ்சில் கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்து அவர் கேட்டது:

"மரியை உங்களுக்குத் தெரியுமா?"

நந்திதா என்னைப் பார்த்தார். பூபா தூரத்திலிருந்து பார்த்தார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. மரி என்று யாரும் இல்லையே. சுகந்தி சொன்னதையெல்லாம் சொல்லலாம் என்றால், தாத்தா, பட்டாளம், பை, குடை, அத்தனைக்கும் என்னிடம் பிரெஞ்சு இல்லை. என்னிடம் இருந்தது காதில் இருந்த பென்சில்தான். சுவரில் அளவு குறிக்கிற பென்சில். அட்டையருகே போய், ஏ–க்கும் ஆர்–க்கும் நடுவில் கீழே, விட்டுப்போன எழுத்துக்குப் போடுகிற கூரைக்குறி போட்டு, மேலே ஓர் ஐ எழுதி, அதற்குப் புள்ளி வைத்தேன். எழுத்து நேராக விழுந்தது. மட்டம் பார்த்தே பழகிய கை.

அந்தம்மா குனிந்து வாய்விட்டுப் படித்தார். மேரி. நம் ஊரில் சொல்கிற மாதிரியே இருந்தது.

நிமிர்ந்து மறுபடியும் படத்தைப் பார்த்தார். படிகள், சாய்ந்த தூண், கோடுகள். அவர் முகத்திலிருந்து ஏதோ மெல்ல இறங்கிப் போனதைப் பார்த்தேன். என் அம்மாவின் பெயர் மரி என்றார், என்னிடம் இல்லை, பொதுவாக. பிறகு கைத்தடியை ஊன்றிக்கொண்டு அடுத்த கடைப் பக்கம் நடந்தார்.

நந்திதா கத்தவில்லை. அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். பூபா என் தோளில் கைவைத்து வெளியே கூட்டிவந்தார். வாசலில் கையை நீட்டினார். கழுத்து அட்டையைக் கழற்றிக் கொடுத்தேன்.

"முருகேசன், என்ன எழுதினாய்?"

"என் ஊரில் ஒரு கட்டடம்."

அவர் என் கழுத்து அட்டையைச் சட்டைப் பையில் வைத்தார். அவருடைய ஊரின் பெயரை இங்கே யாரும் சரியாக எழுதியதில்லை என்று ஒருநாள் சொல்லியிருக்கிறார். ஆனாலும் அவருக்குக் கீழே பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். போய் வா என்றார்.

7

ஆற்றங்கரையில் இரண்டு பாலம் தாண்டி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சில்வியைக் கூப்பிட்டேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தமிழில் தேடிப் பார்த்து, கிடைக்காமல், கடைசியில் பிரெஞ்சிலேயே ஒரு கேள்வி கேட்டாள்: புள்ளி வைத்தீர்களா?

ஐ எழுத்துக்குப் புள்ளி வைப்பது என்றால் பிரெஞ்சில் சந்தேகமில்லாமல் சொல்லிவிடுவது. வைத்தேன் என்றேன்.

"சரி பப்பா. செல்வி நான் இருக்கேன்ல. அம்மாகிட்ட நானே சொல்லிடறேன்."

அவள் தெரிந்து சொன்னாளா, நான் கூப்பிடுகிற பெயர் அவள் வாயிலும் தானாக வந்துவிட்டதா என்று கேட்கவில்லை. கேட்டால் திருத்திவிடுவாள்.

வேலை கொடுக்கும் ஏஜென்சிக்குப் போன் போட்டேன். நாளைக் காலைக்கு ஒரு நாள் வேலை இருக்கிறது, நாற்காலி தூக்க ஆள் வேண்டும் என்றார்கள். விலாசம் வந்தது. அதில் முதல் வார்த்தையே மேரி. எங்களுக்கு அடுத்த புறநகரின் நகராட்சி மன்றம். சனிக்கிழமை, அங்கே கல்யாணங்கள்.

காலையில் பஸ்ஸில் போகும்போது சுகந்தியின் செய்தி வந்திருந்தது. நந்திதா பேசினாராம். அந்த வயதான அம்மா படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேறு யாரும் கேட்கவில்லை. அநேகமாகத் திரும்பி வரும். அட்டையை மட்டும் புதிதாக அடித்து ஒட்டிவிட்டார்கள், சுவரில் இருந்த அம்மாவையும் எடுத்துவிட்டார்கள். கடைசியில், அம்மா ஒங்களக் கேட்டாங்க என்று எழுதியிருந்தாள். நான் அவளுக்கு நல்லது செய்தேனா என்று இதை எழுதும்போதும் எனக்குத் தெரியவில்லை.

மன்றத்தில் எண்பது நாற்காலிகள். வரிசையாகப் போட்டு முடித்ததும் அங்கே வேலை செய்யும் ஒரு பெண் என் கையில் சில காகித அட்டைகளைக் கொடுத்தாள். யார் யார் எங்கே உட்கார வேண்டும் என்று எழுதியவை. மேர் என்பது நடுமேசைக்கு, மேர் என்பது முன்வரிசைக்கு என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டாள். பிரெஞ்சில் நகரத் தலைவருக்கும் மேர், அம்மாவுக்கும் மேர். காதில் இரண்டும் ஒன்று.

இரண்டு மேர் அட்டைகளையும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்து எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். ஐ இருந்ததை மேசைமேல் வைத்தேன். ஐ இல்லாததை, முன்வரிசையில் மணப்பெண்ணின் அம்மா உட்காரும் நாற்காலியில் வைத்தேன்.